கர்லருக்குத் தடை, மாத்திரைக்கு மௌனம்: டாக் எல்லிஸ் கதைசொல்லிகளுக்கு ஒரு திறந்த மடல்



ஆண்டுதோறும் ஜூன் 12 வந்தால் நீங்கள் ஒரு கதையை எடுத்துவிடுவீர்கள். விளையாட்டுப் பத்தி எழுதுகிறவர்கள், வானொலிக்காரர்கள், மேடையேறிச் சிரிக்கவைக்கிறவர்கள், மதுக்கடை மேசையைத் தட்டித் தட்டிச் சொல்கிறவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. கதை மட்டும் ஒன்றுதான். 1970இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் டாக் எல்லிஸ், எல்.எஸ்.டி. போதை தலைக்கேறிய நிலையில் மைதானத்தில் இறங்கினார். எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் ஆட்டத்தை முடித்தார். கேட்கிறவர் வாயைப் பிளப்பார், பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார். நீங்களும் அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள்.

சிரிக்காதீர்கள் என்று சொல்வதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. அது சிரிப்பான கதைதான். எல்லிஸே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் முதன்மை லீகில் பந்து வீசி 138 வெற்றிகள் பெற்ற ஒரு மனிதரை ஒரே மாலைப்பொழுதுக்குள் அடைத்துவிட்டீர்கள். அந்த மாலையையாவது முழுதாகச் சொல்கிறீர்களா என்றால் அதுவும் இல்லை.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும். ஆக, ஒரு பிட்சர் முழு ஆட்டமும் வீசினால் 27 பேரை வெளியேற்றவேண்டும். அத்தனை பேரில் ஒருவர்கூட பந்தைச் சரியாக அடித்து, தடுப்பாளர் தவறு ஏதுமில்லாமல் முதல் தளத்தை எட்டவில்லை என்றால் அது நோ-ஹிட்டர். 1876 முதல் கணக்கெடுத்தால் முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட முறைதான் இது நடந்திருக்கிறது. பெரிய பெரிய பிட்சர்கள்கூட ஒன்றுகூட வாய்க்காமலே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். ஆனால் நோ-ஹிட்டர் என்பதாலேயே அப்பழுக்கற்ற ஆட்டம் என்று ஆகிவிடாது. பிட்சர் தாறுமாறாக வீசினால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அந்த நடைகள் ஹிட் கணக்கில் சேரா.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் சொல்லும் கதையில் எல்.எஸ்.டி. ஏதோ வரம் கொடுத்ததுபோல் ஒலிக்கிறது. அன்றைய ஆட்டக் குறிப்பைப் பார்த்தால் வேறொரு படம் தெரியும். எல்லிஸ் எட்டுப் பேரை நடக்கவிட்டார். ஒருவரைப் பந்தால் அடித்தார். ஆறு பேரைத்தான் தன் கையாலேயே ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார். மற்றவர்களை வெளியேற்றியதில் பின்னால் நின்ற தடுப்பாளர்களுக்குப் பெரும் பங்கு. ஆட்டம் 2–0 என்று முடிந்தது. அந்த இரண்டு ஓட்டங்களும் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த இரண்டு ஹோம் ரன்கள். ஸ்டார்ஜெல் அன்று வெறுங்கையோடு திரும்பியிருந்தால், எட்டு நடைகளோடு தடுமாறிக்கொண்டிருந்த எல்லிஸுக்கு ஆட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் சொன்னபடி நடந்தது இது. பைரேட்ஸ் அணி சான் டியேகோவுக்கு வந்திருந்தது. நடுவில் ஓய்வு நாள் ஒன்று இருந்ததால் எல்லிஸ் சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்வர அனுமதி வாங்கினார். அங்கே நண்பர் வீட்டில் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டார், குடித்தார், தூங்கினார், எழுந்து மறுபடியும் எடுத்துக்கொண்டார். இடையில் ஒரு நாள் கைநழுவிப் போனது அவருக்குத் தெரியவில்லை. நண்பகலுக்குப் பிறகு யாரோ நாளிதழைப் புரட்டி, இன்றைக்கு நீதான் பந்து வீசவேண்டும் என்றபோதுதான் வெள்ளிக்கிழமை பிறந்திருப்பதே தெரிந்தது. அவசரமாக விமானம் பிடித்தார். மாலை நான்கரை மணிவாக்கில் மைதானம் போய்ச் சேர்ந்தார். ஆறு மணிக்கு ஆட்டம். அன்று இரட்டை ஆட்டத்தின் முதல் ஆட்டம் அது.

அதற்குள் இன்னொன்றும் செய்தார். பார்வையாளர் பகுதியில் இருந்த பெண் ஒருவரிடமிருந்து வழக்கமான ஊக்க மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். 'வழக்கமான' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

பந்து சில நேரம் பெரிதாகவும் சில நேரம் சிறிதாகவும் தெரிந்தது என்றார். கேட்சர் ஜெர்ரி மே சைகை தெரியவேண்டுமென்று விரல்களில் பளபளக்கும் நாடாவைச் சுற்றியிருந்தார். எல்லிஸ் அந்த விரல்களை மட்டும் பார்த்து வீசினார். சில வடிவங்களில் நடுவர் இடத்தில் அதிபர் நிக்சன் நிற்கிறார், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மட்டையாட வருகிறார். சொல்லச் சொல்ல வளர்கிற கதை என்பது தெரிந்ததுதான். நோ-ஹிட்டர் நடந்துகொண்டிருக்கும்போது அதைப்பற்றி அணியில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது பேஸ்பாலில் எழுதாத விதி. கண் பட்டுவிடும் என்ற பயம். இளம் வீரர் டேவ் கேஷ் மட்டும் அன்று ஓயாமல் அதையே எல்லிஸின் காதில் ஓதிக்கொண்டிருந்தார். கண் படவில்லை.

அன்றைக்கு அவரைப் பார்த்த செய்தியாளர் ஒருவர், எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். இதை வைத்து, முழுக் கதையும் கட்டுக்கதை என்று வாதிடுகிறவர்கள் உங்களிலேயே உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீரர்கள் ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டு விளையாட வருவது கண்ணுக்குப் பழகிப்போன காலத்தில் யாருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

அந்த 1970ஆம் ஆண்டிலேயே ஜிம் பூட்டன் என்ற இன்னொரு பிட்சரின் நாட்குறிப்புப் புத்தகம் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. 'பால் ஃபோர்' என்பது அதன் பெயர். வீரர்களின் குடி, பெண்பித்து, பச்சை மாத்திரைகள் எல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வந்தன. 'கிரீனீஸ்' என்று உடைமாற்றும் அறைகளில் அழைக்கப்பட்ட அந்த மாத்திரைகள் ஆம்ஃபெட்டமின் வகை. களைப்பைத் தள்ளிவைத்து உடம்பை முறுக்கேற்றிவிடும். பேஸ்பால் ஆணையர் போவி கூன் என்ன செய்தார்? மாத்திரைகளை விசாரிக்கவில்லை. பூட்டனைக் கூப்பிட்டனுப்பி, எழுதியதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார். பூட்டன் மறுத்துவிட்டார். முதன்மை லீக் ஆம்ஃபெட்டமினுக்குச் சோதனையும் தண்டனையும் கொண்டுவந்தது 2006இல்தான்.

எல்லிஸ் சொந்த வாயால் சொன்னது: முதன்மை லீகில் ஏதாவது போதைப்பொருள் இல்லாமல் தான் வீசிய ஆட்டமே இல்லை. 1973இல் ஒருமுறை வெறும் உடம்போடு இறங்கிப் பார்த்தார். எப்படிக் காலைத் தூக்கி எப்படிக் கையைச் சுழற்றுவது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளே போய் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தார். தோற்றுவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், ஜெயித்த பிறகு அதைத் தக்கவைக்க முடியுமா என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து என்று பிற்பாடு விளக்கினார். இந்தப் பின்னணியில் பார்த்தால் ஜூன் 12 ஏதோ ஒருநாள் கூத்து அல்ல. தினசரி வழக்கத்தில் பொருள் மட்டும் மாறிப்போன ஒரு நாள்.

டாக் எல்லிஸ் 1945 மார்ச் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே குடியும் போதையும் தொடங்கிவிட்டன. கார்டினா உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அணி வீரன் ஒருவன் இனவெறிச் சொல்லால் ஏசியதால் பள்ளிக்காக பேஸ்பால் ஆடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு கழிவறையில் குடித்துப் புகைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். வெளியேற்றாமல் இருக்கவேண்டுமானால் அணியில் சேர்ந்து ஆடு என்றது நிர்வாகம். ஆடினார். நல்ல கை இருந்தால் குற்றம் மன்னிக்கப்படும் என்ற பாடத்தை ஒரு சிறுவனுக்குப் பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்தது. கார் திருட்டு வழக்கில் சிக்கிய பிறகும் 1964இல் பைரேட்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட பழைய நீக்ரோ லீகுகளில் பெயர் பெற்ற பிட்சர் செட் புரூவர்தான் அவரைக் கண்டெடுத்துப் பழக்கியவர். 1968 ஜூனில் எல்லிஸ் முதன்மை லீகுக்கு வந்தார்.

உங்கள் கதையில் அடுத்து வருவது வெற்றிடம். உண்மையில் அவருடைய ஆகச் சிறந்த ஆண்டு 1971. அந்தப் பருவத்தில் 19 வெற்றி, 9 தோல்வி. பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றது. ஆனால் அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்க இவற்றைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன.

ஜூலையில் டெட்ராய்ட்டில், இரு லீகுகளின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம். அமெரிக்கன் லீக் பக்கம் தொடக்கப் பிட்சர் விடா புளூ, இருபத்தொரு வயதுக் கறுப்பின இளைஞர், அந்தப் பருவத்தின் பெரும் பரபரப்பு. நேஷனல் லீக் பக்கம் கணக்குப்படி எல்லிஸ்தான் வரவேண்டும். இரு பக்கமும் கறுப்பர் என்றால் என்னை எங்கே போடப்போகிறார்கள் என்று எல்லிஸ் பத்திரிகையாளர்களிடம் பகிரங்கமாகக் கேட்டுவிட்டார். வசவுக் கடிதங்கள் வந்தன. நேஷனல் லீக் அணியின் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அவரையே இறக்கினார். ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இரு பக்கமும் கறுப்பினப் பிட்சர்கள் தொடங்கியது அதுவே முதல்முறை. ஆட்டம் என்னவோ எல்லிஸுக்குக் கைகொடுக்கவில்லை. ரெஜி ஜாக்சன் அடித்த பந்து கூரைமேல் இருந்த விளக்குக் கோபுரத்தில் போய் மோதியது. இன்றைக்கும் அந்த அடி பேசப்படுகிறது. அதை வாங்கிக்கொண்ட பிட்சர் அங்கே எப்படி வந்து நின்றார் என்பது பேசப்படுவதில்லை.

வசவுகளுக்கு நடுவே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜாக்கி ராபின்சன். 1947இல் முதன்மை லீகின் நிறத்தடையை உடைத்து உள்ளே வந்தவர். மைதானத்தில் என்னென்ன பட்டார் என்பது உலகறிந்தது. எல்லிஸின் துணிச்சலைப் பாராட்டியிருந்தார், இதற்கு விலை கொடுக்க நேரும் என்றும் எச்சரித்திருந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ராபின்சன் காலமானார். எல்லிஸ் அந்தக் கடிதத்தைப் பொத்திப் பாதுகாத்தார்.

செப்டம்பர் 1. பிட்ஸ்பர்க் மைதானத்தில் பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டம். பைரேட்ஸ் மேலாளர் டேனி மர்ட்டா எழுதிக் கொடுத்த பட்டியலில் ஸ்டெனெட், கிளைன்ஸ், கிளெமெண்டே, ஸ்டார்ஜெல், சாங்கியென், கேஷ், ஆலிவர், ஹெர்னாண்டஸ், எல்லிஸ் என ஒன்பது பேர். ஒன்பது பேரும் கறுப்பர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். முதன்மை லீக் வரலாற்றில் அப்படியொரு அணி அதற்குமுன் களம் இறங்கியதில்லை. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்துத்தான் வீரர்களுக்கே அது உறைத்தது. பிட்ஸ்பர்க் நாளிதழ்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் உள்ளூரில் அடுத்த நாள் தலைப்புச் செய்தி போடவும் ஆளில்லை. எல்லிஸ் அன்று படுமோசமாக வீசினார், இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. இருந்தும் அணி 10–7 என்று வென்றது. போதையில் ஜெயித்த ஆட்டம் பாட்டாகவும் படமாகவும் ஆயிற்று. ஒரு நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற ஆட்டத்தில் அவர் அடிவாங்கிப் பாதியில் வெளியேறினார். இந்த முரணுக்குள் எவ்வளவு நல்ல கதை கிடக்கிறது! அதை ஏன் தொடமாட்டேன் என்கிறீர்கள்?

இனி தொல்லைகள். உங்கள் கதையில் போதையால் வந்த தொல்லை மட்டும் ஒரு வரியில் வரும். அவருடைய விளையாட்டு வாழ்க்கையில் நிர்வாகத்தோடு நேர்ந்த மோதல்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒன்றுகூட மாத்திரையால் வந்ததில்லை.

1972 மே மாதம் சின்சினாட்டி மைதானத்தின் வாசலில் காவலாளியோடு தகராறு. அடையாளம் காட்டவில்லை, முஷ்டியை ஓங்கினார் என்பது காவலாளியின் தரப்பு. நான் பைரேட்ஸ் வீரன் என்று காட்ட உலகத் தொடர் மோதிரம் அணிந்த கையை உயர்த்தினேன் என்பது எல்லிஸின் தரப்பு. முகத்தில் கண்ணெரிச்சல் வாயுவைப் பீய்ச்சினார்கள். வழக்கும் அவர் மீதே போட்டார்கள். பிறகு வழக்கு கைவிடப்பட்டது, சின்சினாட்டி அணி மன்னிப்புக் கேட்டு எழுதியது.

1973இல் தலைமுடிச் சண்டை. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது எல்லிஸ் தலையில் முடியைச் சுருட்டும் கர்லர்களோடு மைதானத்துக்கு வந்தார். கறுப்பின வாசகர்களின் பெரும் பத்திரிகையான 'எபனி' அவருடைய சிகையலங்காரத்தைப் பற்றியே எழுதியது. ஆணையர் கூன் அலுவலகத்திலிருந்து அணி வழியாகத் தாக்கீது வந்தது: மைதானத்தில் கர்லர் கூடாது. வெள்ளைக்கார வீரர் ஜோ பெப்பிட்டோன் டோப்பா வைத்துக்கொண்டு ஆடியபோது யாரும் தாக்கீது அனுப்பவில்லையே என்று எல்லிஸ் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கர்லரால் தலையில் வியர்வை சேரும், அதைத் தொட்டுப் பந்தில் தடவினால் பந்து வளைந்து போகும் என்று பின்னாளில் அவரே கண்ணடித்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எல்லிஸை வெறும் அப்பாவித் தியாகியாக்கினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். அணி அணியாக வீரர்கள் உடைமாற்றும் அறையில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆணையர் அலுவலகம் கண்டிப்பது தலைமுடிச் சுருள்களை. பூட்டன் எழுதினார், அதட்டினார்கள். எல்லிஸ் பேசினார், அதட்டினார்கள். விழுங்கியவர்களை யாரும் அதட்டவில்லை. கேட்கிறவர்களைக் கதை சிரிக்கவைக்கும் இடத்தில் நீங்கள் வைக்கவேண்டிய பகுதி இதுதான், இதிலும் சிரிப்பு இருக்கிறது.

1974 மே 1 இன்னும் விபரீதம். பலம் பொருந்திய சின்சினாட்டி அணியைக் கண்டு தன் சகாக்கள் மிரண்டுபோயிருக்கிறார்கள் என்று எல்லிஸுக்கு ஆத்திரம். முதல் இன்னிங்ஸில் வந்த பீட் ரோஸைப் பந்தால் அடித்தார். அடுத்து வந்த ஜோ மார்கனை அடித்தார். டேன் டிரீசனையும் அடித்தார். டோனி பெரெஸ் குனிந்து வளைந்து தப்பித்து நடை வாங்கிக்கொண்டார். ஜானி பெஞ்சின் தலையைக் குறிவைத்து இரண்டு பந்து போனதும் மர்ட்டா வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டார். இதையும் சிலர் வீரதீரக் கதையாகச் சொல்கிறார்கள். மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கெட்டிப் பந்தை மனிதர்களின் உடம்பைப் பார்த்து எறிவதில் என்ன வீரம்? அதற்குமுன், 1972 கடைசி நாளில், அணியின் மூத்த வீரர் ராபர்ட்டோ கிளெமெண்டே, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணம் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்துபோயிருந்தார். பைரேட்ஸ் அறையில் சொன்னால் கேட்கக்கூடிய ஒரு மூத்த குரல் போய்விட்டது. எல்லிஸின் கோபத்துக்குக் கடிவாளம் இல்லாமல் போனதை அந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

1975இல் மேலாளரோடு முட்டிக்கொண்டு இடைநீக்கம் ஆனார். அந்த டிசம்பரில் பைரேட்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே 1976இல் 17 வெற்றி, 8 தோல்வி. மீண்டெழுந்த வீரர் விருது. யாங்கீஸ் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரை வாய் விட்டு விமரிசித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே வேறு அணி. ஓக்லந்து, டெக்சஸ், நியூயார்க் மெட்ஸ், கடைசியில் சில நாள் மறுபடி பிட்ஸ்பர்க். 1979இல் கதை முடிந்தது. வயது 34.

கவிஞர் டொனால்டு ஹால் எல்லிஸோடு சேர்ந்து எழுதிய வாழ்க்கைப் புத்தகம் 1976இல் வந்தது. பின்னாளில் அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் பொறுப்பை வகித்தவர் ஹால். அந்த முதல் பதிப்பில் நோ-ஹிட்டர் அத்தியாயத்தைத் தேடிப் படித்தால் எல்.எஸ்.டி. இராது. அந்த இடத்தில் வோட்காவும் ஆரஞ்சுச் சாறும் இருக்கும். குடித்துவிட்டு ஆடினேன் என்று சொன்னால் ஊர் சிரித்துவிட்டுப் போகும், எல்.எஸ்.டி. என்றால் வேலை போகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. உண்மை 1984இல் பிட்ஸ்பர்க் செய்தியாளர் பாப் ஸ்மிசிக் எழுதிய கட்டுரையில் வெளியானது. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ஹால் திருத்தினார்.

1984 என்ற ஆண்டு முக்கியம். நீங்கள் அதைச் சொல்வதே இல்லை. போதையில் மிதந்த ஒருவன் பெருமையடித்துக்கொண்ட கதையாக அது வெளிவரவில்லை. நான்கு ஆண்டுகளாகப் போதையைத் தொடாத ஒருவர் தன் பழங்கணக்கை ஒப்புக்கொண்டபோது வெளிவந்தது. அதற்குள் அவர் பட்டது போதும், அவரைச் சுற்றியிருந்தவர்கள் பட்டது அதைவிட அதிகம். வீட்டில் அவர் வன்முறையாளராக இருந்ததைப் பற்றி முன்னாள் மனைவியர் 2014இல் வெளியான 'நோ நோ' ஆவணப்படத்தில் கேமராவுக்கு முன்னால் பேசியிருக்கிறார்கள். அதையும் கதையில் சேர்க்கவேண்டும். வேடிக்கை மனிதர் என்ற படத்துக்கு அது ஒத்துவராது என்பதற்காக விட்டுவிட முடியாது.

1980இல் அரிசோனாவில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். வழிகாட்டியவர் டான் நியூகோம்ப். டாட்ஜர்ஸ் அணியில் ராபின்சனோடு ஆடிய பிட்சர், குடியிலிருந்து மீண்டு மற்றவர்களை மீட்பதையே வேலையாக்கிக்கொண்டவர். எல்லிஸும் அதே பாதையில் போனார். ஆலோசகராகப் பயிற்சி எடுத்தார். யாங்கீஸ் நிறுவனமே அவரைத் தன் இளம் வீரர்களுக்குப் போதைத் தடுப்பு ஆலோசகராக வைத்துக்கொண்டது. சிறைக் கைதிகளிடையே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். அவர் கைதிகளிடம் சொன்னவை பெரிதாகப் பேசப்படவில்லை. ஜூன் 12ஆம் தேதியின் கதையைக் கேட்க மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தக் கதையைப்பற்றி அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. வாழ்நாளில் எட்டிய உயர்ந்த சாதனையின் நினைவையே அந்தப் போதை தன்னிடமிருந்து பறித்துவிட்டது என்றார். துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நீங்கள் ரசித்துச் சொல்லும் ஒன்பது இன்னிங்ஸ்களும் உங்களுக்கு நன்றாகத் தெரிகின்றன, வீசியவருக்குத் தெரியவில்லை.

2007இல் கல்லீரல் சுருக்க நோய் கண்டறியப்பட்டது. மருத்துவக் காப்பீடு இல்லை. பழைய பேஸ்பால் நண்பர்கள் பணம் கொடுத்துத் தாங்கினார்கள். 2008 மார்ச்சில் ஒரு பொது வானொலி நிகழ்ச்சிக்காக மறுபடி அந்தக் கதையைச் சொன்னார். மே மாதம் மாற்றுக் கல்லீரலுக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. டிசம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார், வயது 63. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் பிளாக்டன் அந்த வானொலிக் குரலை எடுத்து ஒரு சின்ன அசைபடம் செய்தார். அழகான படம், குறும்பான கோடுகள். உங்களில் பெரும்பாலோர் கதையைத் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். அதில் சிரித்துக்கொண்டே பேசுகிறவர் நோயோடு இருந்தார் என்பது படத்தில் எங்கும் இல்லை. படம் அதற்காக எடுக்கப்படவில்லை என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. குறை உங்களிடம். ஐந்து நிமிடப் படத்தோடு தேடலை நிறுத்திவிட்டீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 'நோ நோ' ஆவணப்படத்தில் எல்லிஸ் தோன்றும் பழைய காட்சி ஒன்று வருகிறது. ஜாக்கி ராபின்சன் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்கத் தொடங்குகிறார். பாதியில் குரல் உடைந்து அழுகிறார். உங்கள் நிகழ்ச்சிக்கு அது சில நிமிடங்களைத்தான் கேட்கும். வருகிற ஜூன் 12 அன்று நோ-ஹிட்டரைத் தாராளமாகச் சொல்லுங்கள், எட்டு நடைகளையும் ஸ்டார்ஜெலின் இரண்டு ஹோம் ரன்களையும் சேர்த்தே சொல்லுங்கள். செப்டம்பர் 1 அன்று இந்தக் கடிதக் காட்சியைப் போட்டு, அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாக வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதையைப் பலமுறை கேட்ட ஒரு வாசகர்